தந்திரம்: சொல்லும் பொருளும்

தந்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் பலருக்கு நரிக்கதைதான் நினைவுக்கு வரும். சூழ்ச்சி என்ற பொருளிலேயே அச்சொல் இன்று தமிழில் பெரிதும் வழங்குகிறது. மேலைநாட்டுச் சந்தையிலோ அது காமக்கலையின் மறுபெயராகிவிட்டது. ஆனால் திருமூலர் தம் திருமந்திரத்தை ஒன்பது தந்திரங்களாகவே வகுத்துள்ளார். பத்தாம் திருமுறையாகப் போற்றப்பெறும் நூலின் பகுப்புகளுக்குப் பெயராய் அமைந்த சொல், இழிபொருள் ஒன்றையே உடையதாதல் கூடுமோ? விரித்தல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து பிறந்த இச்சொல், தறியில் விரிக்கும் பாவையும், அதுபோல் ஒழுங்குபட விரித்துரைக்கும் நூலையும் குறிக்கும். இத்தெளிவோடு, நாம் வாழும் இவ்வங்கநாட்டில் தந்திரநெறிக்கு நேர்ந்த புகழையும் பழியையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

பழியைத் துடைக்க முனைந்தோருள் குறிப்பிடத்தக்கவர் சர் ஜான் உட்ரோஃப். 1865-இல் இந்நகரிலேயே பிறந்து, 1904 முதல் 1922 வரை கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர். மகாநிர்வாண தந்திரத்தின் ஆங்கில ஆக்கம் (1913), ஆறு ஆதாரங்களை விளக்கும் ‘சர்ப்பெண்ட் பவர்’ (1919) ஆகியவை ஆர்தர் அவலோன் என்ற புனைபெயரில் வெளிவந்தன. அப்பெயரின் பின்னே அடல் பிகாரி கோஷ் என்ற வங்க அறிஞரின் வடமொழிப் புலமையும் நின்றது. அவருக்கு உரிய புகழ் கிட்டவில்லை. பின்னாளில் இந்நூல்களைப் பதிப்பித்துப் பரப்பியவர்கள் சென்னை கணேஷ் கம்பெனியார் என்பது நமக்குப் பெருமை தருவது. எனினும் ஒரு குறையையும் சுட்டியே ஆகவேண்டும். நீதிபதியாயிருந்தும் உட்ரோஃப் இங்கே வழக்குரைஞராகவே பேசுகிறார். தத்துவத்தை முன்னிறுத்தும் ஆர்வத்தில், சுடலை வழிபாடு, பலி போன்றவற்றை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்.

மறைத்துக் காக்கவேண்டிய நிலையில் இந்நெறி இல்லை. மது, ஊன், மீன், வறுத்த தானியம், ஆண்பெண் சேர்க்கை என்னும் ஐந்தும் வாமநெறிச் சடங்கில் இடம்பெற்றது உண்மையே. ஆனால் குருவும் தீட்சையும் பக்குவமும் இன்றி அவற்றை நாடுதலை நூல்களே கண்டிக்கின்றன. இதற்குத் தக்க சான்று, ராணி ராஸ்மணி எழுப்பி 1855-இல் குடமுழுக்குக் கண்ட தட்சிணேசுவரத்திலேயே உள்ளது. அங்கே பைரவி பிராமணி என்ற அம்மையாரிடம் தந்திர சாதனைகளைப் பயின்ற இராமகிருஷ்ணர், மதுவையும் சேர்க்கையையும் விலக்கியே அவற்றை நிறைவேற்றினார். பெண்மை முழுவதையும் தாயாகவே கண்டார். கற்பித்த குருவே ஒரு பெண் என்பதையும், பெண்ணைப் போகப்பொருளாக்கி இந்நெறியை விற்போர் எண்ணிப் பார்க்கட்டும்.

கலைத்துறையிலும் இத்தகைய திரிபு நேர்ந்தது. அஜித் முகர்ஜியின் நூல்களும், 1971-இல் இலண்டன் ஹேவர்டு கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சியும் யந்திரங்களின் எழிலை உலகறியச் செய்தன. அத்தொண்டு பெரிது. ஆயினும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய யந்திரம், புதுமை ஓவியத்தின் முன்னோடியாகவே மதிக்கப்பட்டது. யந்திரம் என்பதற்குக் கருவி என்பதே பொருள். ஸ்ரீசக்கரத்தில் மேல்நோக்கிய நான்கு முக்கோணங்கள் சிவத்தையும், கீழ்நோக்கிய ஐந்து சக்தியையும் குறிக்கும். அவை ஒன்றையொன்று வெட்டி நாற்பத்துமூன்று சிறு முக்கோணங்களாகும். வெளிச்சதுரத்தில் தொடங்கும் வழிபாடு, ஒன்பது ஆவரணங்களைக் கடந்து நடுப்புள்ளியில் முடியும். பார்வையாளனாக நிற்பவனுக்கு அழகு கிட்டும், பயணம் கிட்டாது.

அப்பயணத்தைத் தமிழ்நாடு இசையாகவே பெற்றிருக்கிறது. திருவாரூர்க் கமலாம்பிகை மீது முத்துசுவாமி தீட்சிதர் ஆவரணத்திற்கு ஒன்றாக இயற்றிய கீர்த்தனைகள் நவராத்திரியில் நம் இல்லங்களில் ஒலிப்பவை அல்லவா? திருமந்திரத்தின் நான்காம் தந்திரமும் திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம் என விரிகிறது. உடம்பை இகழாது, இறைவன் உறையும் இடமாகப் போற்றுவது திருமூலர் கொள்கை. காளிகட்டத்து அன்னையை வணங்கும் வங்காளியும் அபிராமியைப் பாடும் தமிழனும் இங்கே உறவினராகின்றனர்.

இந்நகரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தந்திரம் என்ற சொல், நரிக்கதை வாயிலாகவோ மேலைநாட்டுப் படநூல் வாயிலாகவோதான் அறிமுகமாகிறது. இரண்டும் அவர்களை ஏமாற்றும். திருமந்திரத்தை ஒருமுறையேனும் அவர்கள் கையில் கொடுத்து, தட்சிணேசுவரத்துக்கும் அழைத்துச் செல்வது நம் கடமையாகும்.