இரண்டு பொருள், நாற்பது பேர்

இணைய விளையாட்டில் கூடி ஆடும் குழுவை, அதாவது கில்டை, நடத்தும் லீடரின் தரத்தை எடைபோட வெற்றி உதவாது. பாஸ் எனும் பெரிய எதிரி சாய்ந்ததும் வாய்ஸ் சாட்டில் எல்லாரும் கத்துவார்கள். அந்தக் கூச்சலில் கெட்டிக்காரத் தலைவரும் சுமாரான தலைவரும் ஒன்றுபோலத்தான் ஒலிப்பார்கள். ரசிகன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, ரெய்டு எனும் கூட்டுத் தாக்குதலுக்கு வந்த மொத்தப் பேரும் செத்துக் கிடக்கும் ‘வைப்’ முடிந்த கணம். மற்றது, கிடைத்த பொருள்களை, அதாவது லூட்டைப் பங்கு பிரிக்கும் நேரம்.

2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ இந்தக் கலைக்குச் சரியான மேடை போட்டுக் கொடுத்தது. அதன் முதல் பெரிய ரெய்டான ‘மோல்டன் கோர்’ நாற்பது பேர் சேர்ந்து இறங்கும் எரிமலைக் குகை. பத்து பாஸ்கள், வாரம் ஒருமுறைதான் அடிக்கலாம். ஒரு பாஸ் விழுந்தால் தேறும் நல்ல பொருள்கள் இரண்டோ மூன்றோ. நாற்பது பேர் உழைத்த இரவில் பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் தூங்கப் போவார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. விளையாட மாதாமாதம் காசு கட்டுபவர்களே அவர்கள்தான். பிடிக்காவிட்டால் ஒரு வரி தட்டிவிட்டு வேறு கில்டுக்குப் போய்விடலாம். கையில் பிரம்பும் இல்லாமல் பணப்பையும் இல்லாமல் இத்தனை பேரை அடுத்த வாரமும் தலைவர் வரவைக்கிறாரே, அந்த வித்தையைத்தான் நான் ரசிக்கிறேன்.

முதலில் வைப். மோல்டன் கோரில் ‘பேரன் கெடான்’ என்றொரு பாஸ் உண்டு. திடீரென்று யாரோ ஒருவரை உயிருள்ள குண்டாக மாற்றிவிடும். குண்டானவர் வெடிப்பதற்குள் கூட்டத்தைவிட்டு விலகி ஓட வேண்டும். புதிதாக வந்தவர் பதற்றத்தில், காயம் ஆற்றும் ஹீலர்கள் நடுவே ஓடுவார். ஹீலர்கள் போனால் பாஸின் அடியைத் தாங்கும் டேங்க் போவார்; டேங்க் போனால் எல்லாரும் போவார்கள்.

அப்போது குரலைக் கவனியுங்கள். மட்டமான தலைவர் “யார் அது?” என்று தொடங்குவார். ‘ஓனிக்ஸியா’ என்ற டிராகனிடம் தோற்ற ஆத்திரத்தில் ஒரு ரெய்டு லீடர் தொண்டை கிழியக் கத்தி, பங்கீட்டுக் கணக்கில் ஐம்பது புள்ளி கழிப்பேன் என்று மிரட்டிய ஒலிப்பதிவு இணையமெங்கும் பரவி, இன்றுவரை கேலிக்கு ஆளாகிறது. தேர்ந்தவர் பேசுவது வேறு மாதிரி: “ஹீலருங்க வலது பக்கம் தள்ளி நில்லுங்க. குண்டு விழுந்தவங்க இடது சுவரைப் பாத்து ஓடுங்க. ரெண்டு நிமிஷத்துல மறுபடி போறோம்.” யார் பெயரும் அதில் இல்லை. பதறிப்போய் ஓடினாலும் யாரையும் கொல்ல முடியாதபடி நிற்கும் இடங்களையே மாற்றிவிட்டார். சொல்ல வேண்டியது மிச்சம் இருந்தால் அந்தப் புதியவருக்குத் தனிச் செய்தியில் போகும். அரை நிமிடத்துக்குள் முடியும் இந்தப் பேச்சில் உள்ள சிக்கனத்துக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

அடுத்தது பங்கீடு. இதற்கு 1999-இல் ‘எவர்க்வெஸ்ட்’ விளையாட்டின் ‘ஆஃப்டர்லைஃப்’ கில்டு ஒரு வழி கண்டது: டிராகன் கில் பாயிண்ட்ஸ், சுருக்கமாக டிகேபி. ரெய்டுக்கு வந்தால் புள்ளி சேரும். பொருள் எடுத்தால் புள்ளி கழியும். கணக்கு சுத்தம்தான். ஆனால் பழைய ஆட்கள் புள்ளியைப் பதுக்குவார்கள், புதியவர்கள் ஏங்குவார்கள். இன்னொரு முறை லூட் கவுன்சில்: மூத்தவர்கள் கூடி, யாருக்குக் கொடுத்தால் கில்டுக்குப் பலன் என்று தீர்மானிப்பது. பலன் கூடும்; சந்தேகமும் கூடவே வரும். இரண்டிலும் ஓட்டை இருப்பதால், எந்த முறை என்பதைவிட அதை நடத்துகிறவரின் நிதானமே முக்கியம். விதியைப் பொருள் விழுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தன் நண்பனுக்காக அதை வளைக்கக் கூடாது.

‘தண்டர்ஃப்யூரி’ வாள்தான் இதற்கு உரைகல். அதைச் செய்யத் தேவையான இரு பாதிகளில் ஒன்று ‘கார்’ என்ற பாஸிடமும் மற்றது கெடானிடமும் அபூர்வமாக விழும். ஒரு பாதி கிடைத்து, மறுபாதிக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடந்த கில்டுகள் உண்டு. அதைத் தானே எடுத்துக்கொள்ளத் தலைவரைத் தடுப்பார் யாருமில்லை. ஆனாலும் நல்லவர் அதை, ஒரு வாரமும் தவறாமல் வந்து முன்னால் நின்று அடி வாங்கும் டேங்குக்குக் கொடுப்பார். கல்யாணப் பந்தி விசாரிக்கிற பெரியவர் கடைசிப் பந்தியில்தானே உட்காருவார். பாயசம் தீர்ந்துபோயிருந்தாலும் முகம் கோணாமல் உட்காருவாரே, அந்தப் பக்குவம் இது.

2007 ஜனவரியில் ‘பர்னிங் குருசேட்’ வந்து பெரிய ரெய்டுகளின் அளவை நாற்பதிலிருந்து இருபத்தைந்தாகக் குறைத்தபோது இந்தப் பக்குவம் இன்னொரு விதத்தில் சோதிக்கப்பட்டது. பதினைந்து பேர் மிச்சம். யாரை உட்காரவைப்பது? போதாக்குறைக்கு, தொடக்க ரெய்டான ‘கராஸான்’ பத்துப் பேருக்கானது. முதல் அணி, இரண்டாம் அணி என்ற மனக்கசப்பு தானாக முளைத்தது. பல கில்டுகள் அங்கேதான் உடைந்தன. தப்பிப் பிழைத்த இடங்களில் முறைவைத்து ஆட்களை மாற்றினார்கள். வெளியே உட்கார வேண்டியவருக்கு முந்தின நாளே சொன்னார்கள். முறை வந்தபோது தலைவரும் வெளியே உட்கார்ந்தார்.

அதிகாரத்தை எவ்வளவு பகிர்வது என்பதிலும் நுட்பம் இருக்கிறது. ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டில் ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ என்ற வல்லரசுக் கூட்டணி 2009 பிப்ரவரியில் காணாமல் போனது. போரில் தோற்றல்ல, இயக்குநர் நிலையில் இருந்த ஒருவர் எதிரியான ‘கூன்ஸ்வார்ம்’ பக்கம் சாய்ந்து, தன்னிடமிருந்த உரிமையைக் கொண்டே கூட்டணியைக் கலைத்துவிட்டார். இதைக் கேட்டுப் பயந்து எல்லாச் சாவியையும் தன் இடுப்பிலேயே முடிந்துகொள்ளும் தலைவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் கில்டுக்கும் காய்ச்சல். தேர்ந்தவர் கஜானாவின் சாவியைத் தயங்கித் தயங்கிக் கொடுப்பார். ரெய்டு நடத்தும் பொறுப்பைத் தாராளமாகக் கொடுப்பார். கஜானா காலியானால் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம், நடத்தத் தெரிந்த இன்னொருவர் உருவாக மாதங்கள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே என் மதிப்பெண்ணை நான் போடுவது தலைவர் ஊரில் இல்லாத வாரத்தில். சொன்ன நேரத்துக்கு நாற்பது பேரும் வந்து, வேறொருவர் சொல்கிறபடி இடது சுவரைப் பார்த்து ஓடினால், கெடான் விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்தத் தலைவர் முதல் வகுப்பு.