கண்ணாடித் தட்டில் செத்த கிருமி

காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன் கலந்து குடிப்பது பழைய வழக்கம். அதற்கு இப்போது கிடைத்திருக்கும் வக்காலத்துதான் புதிது. வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் கிருமியைத் தேன் கொல்வது ஆய்வகத்தில் நிரூபணமாகிவிட்டதாம். நலவாழ்வுப் பத்திகளிலும் இயற்கை அங்காடிகளிலும் இதே பேச்சு. பட்டம் பெற்ற மருத்துவர்களும் இதைச் சொல்லும்போது சும்மா இருக்க முடியவில்லை.

தேனுக்கு உரியதைக் கொடுத்துவிடலாம். இருமலைத் தணிக்கிறது, தீப்புண்ணை ஆற்றுகிறது. இரண்டுக்கும் சான்று உண்டு. சித்த வைத்தியர் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதிலும் எனக்குச் சண்டையில்லை.

சண்டை அந்த 'நிரூபண'த்தோடுதான். 1994-இல் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் குழுவினர் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியின் மீது மானுகா தேனைச் சோதித்தார்கள். ஏழு கிருமி மாதிரிகள். 5 சதவீதத் தேன் இருந்தாலே 72 மணி நேரத்துக்குக் கிருமி வளரவில்லை. வக்காலத்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வில், ஹைட்ரஜன் பெராக்சைடால் கிருமியை எதிர்க்கும் இன்னொரு தேன் 40 சதவீதத்திலும் ஒன்றும் செய்யவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. மானுகாவின் பலம் மெத்தில்கிளையாக்சால் என்னும் சேர்மம். மானுகாப் பூவின் மதுவிலிருந்து உருவாவது. மற்றத் தேன்கள் பெரும்பாலானவற்றின் பலம் பெராக்சைடு. நம் மார்த்தாண்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்தின் இலைக்காம்புச் சுரப்பிகள் தருவது. அருமையான தேன், ஆனால் அதன் புட்டியில் நியூசிலாந்துச் சான்றிதழை ஒட்ட என்ன நியாயம்?

சரி, காசைக் கொட்டி மானுகாவையே வாங்கியதாக வைத்துக்கொள்வோம். தட்டில் கிருமியும் தேனும் மூன்று நாள் ஒன்றாகக் கிடந்தன. வயிற்றிலோ கிருமி சளிப்படலத்துக்குள் பதுங்கியிருக்கிறது. ஒரு கரண்டித் தேன் ஒரு தம்ளர் நீரில் கரைந்து, இரைப்பை நீரில் இன்னும் நீர்த்து, சற்று நேரத்தில் குடலுக்கு இறங்கிவிடுகிறது. பேருந்து ஜன்னலிலிருந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போகிறவரை மூன்று நாள் தங்கியவர் என்று சொல்கிறோம். 1999-இல் வெளியான ஒரு சிறு பரிசோதனையில், இரண்டு வாரம் மானுகா சாப்பிட்டும் ஒருவருக்குக்கூடக் கிருமி அகலவில்லை. சிறு பரிசோதனைதான். ஆனாலும் அது மனித வயிற்றில் நடந்தது.

புரோபோலிஸ் என்னும் தேனீப் பிசினில் செய்த மாத்திரைக்கும் இதே கதைதான். தேனீக்கள் எந்த மரத்துப் பிசினைச் சேர்க்கின்றனவோ அதைப் பொறுத்து அதன் சேர்மானமே மாறும். ஓரிடத்துப் பிசினின் ஆய்வு முடிவை வேறோரிடத்து மாத்திரைக்கு எப்படிப் பொருத்துவது?

"பக்கவிளைவு இல்லையே, குடித்தால் என்ன?" என்பது கடைசி வாதம். தேனில் பிரக்டோஸ் ஏறக்குறைய 38 சதவீதம், குளுக்கோஸ் 31. மிஞ்சும் பிரக்டோஸைச் சிலருடைய சிறுகுடல் முழுதாக உறிஞ்சுவதில்லை. அது பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது. எரிச்சல் குடல் நோய்க்கு மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவுமுறை முதற்கட்டத்திலேயே தேனை விலக்குகிறது. வயிற்று உப்புசத்துக்கென்று தேன் குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு உப்புசமே தேனால்தானோ!

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே பட்டியலிட்ட கிருமி இது. அதை ஒழிக்க அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு குறைந்தது இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளைப் பெரும்பாலும் 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வயிற்றுப்புண்ணின் வலியோ தானாக வரும், தானாகப் போகும். அது போகிற வாரத்தில் தேன் தொடங்கியவருக்குத் தேன்தான் மருந்து. ஐம்பதைத் தாண்டியவருக்கு எடை குறைகிறது, மலம் கறுக்கிறது; எண்டோஸ்கோபிக்குப் போக வேண்டியவர் அடுத்த புட்டியைத் திறக்கிறார்.