இரைச்சலை அடக்கும் மூன்று கால்

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் மெல்லிய ‘ம்ம்ம்’ கேட்கிறதா? வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையில் உள்ள நான்கு டயோடுகளைத் தாண்டும்போது அதன் அலைவு 100 ஹெர்ட்ஸாகிறது. பெரிய ஃபில்டர் கெபாசிட்டர் அதைக் குறைக்கும், முழுதாகத் துடைக்காது.

மிச்சத்தைக் கவனிக்க எல்எம்317 இருக்கிறது, மூன்றே கால் கொண்ட ரெகுலேட்டர். தனியாகவே சுமார் 65 டெசிபெல் அளவுக்கு அலைவை அமுக்கும். அதன் அட்ஜஸ்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் 80 டெசிபெல்! எஞ்சிய அலைவு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சில ரூபாய்ப் பொருள் செய்யும் இந்த வேலை மின்னணுவியலின் பேரழகுகளில் ஒன்று.

ஆனால் ஃபில்டர் கெபாசிட்டரை நிரப்பும் மின்னோட்டம் பாய்கிற கம்பியிலேயே ப்ரீஆம்பின், அதாவது ஒலியை முதலில் பெருக்கும் பகுதியின், கிரவுண்டையும் கட்டினால் இரைச்சல் திரும்பிவிடும். ப்ரீஆம்ப் கிரவுண்டுக்குத் தனிக் கம்பி வேண்டும்.