ஈழத்து ஆய்வுகூடமும் தமிழகத்துச் செய்முறையும்

இலங்கையில் கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையில் உயிரியலுக்குச் செய்முறைப் பரீட்சை கிடையாது என்பது மெய்தான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எமக்கில்லை. ஆயினும், தமிழகத்தில் நீண்டகாலம் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவரும், கலியாணத் தொடர்பால் எமக்கு உறவினரானவருமான பெரியவரொருவர், கொடுத்த காப்பி ஆறுவதற்குள், "பிராக்டிகல் எக்ஸாமே இல்லாம எப்படிங்க பசங்களை மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது, அச்சிரிப்பிற் கலந்திருந்த இரக்கந்தான் எம்மை இக்கட்டுரை எழுத வைத்தது.

எங்கள் வினாத்தாளைக் கண்டவர் அவ்வாறு கேட்கமாட்டார். ஐம்பது பல்தேர்வு வினாக்களைத் தாண்டியபின் வருகின்ற அமைப்புக் கட்டுரை வினாக்களிலே, ஒரு பரிசோதனையின் படிகளையும், அதில் நேரக்கூடிய வழுக்களையும், இன்ன படியை ஏன் விட்டுவிடலாகாது என்பதையும் வினவும் பகுதிகள் இடம்பெறுவதுண்டு. கையாற் செய்து பார்த்த மாணவன் இரண்டு வரியில் எழுதி முடிக்கின்ற விடை, மனனம் செய்தவனுக்கு எளிதில் வசப்படுவதில்லை. றியோ இலைப் பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். இலையின் ஊதா நிறமான கீழ்ப்புறத்திலிருந்து மேற்றோலைச் சவர அலகின் நுனியாற் கிளப்பி, சாவணத்தாற் பிடித்து உரித்து, வெவ்வேறு செறிவுள்ள சுக்குரோசுக் கரைசல்களிலிட்டுச் சிறிது நேரம் கழித்து நுணுக்குக்காட்டியில் நோக்கினால், செறிவு குறைந்த கரைசலிற் கலமெங்கும் ஊதா நிறைந்து நிற்க, செறிவு மிகுந்ததில் அந்த ஊதா, கலச்சுவரைக் கைவிட்டு நடுவே ஒடுங்கிக் கிடக்கும். பார்வைப் புலத்திலுள்ள கலங்களிற் பாதி இங்ஙனம் சுருங்கத் தொடங்கிய கரைசல் எதுவோ, அதன் கரைய அழுத்தமே கலச்சாற்றின் கரைய அழுத்தத்துக்குச் சமமென்று கொள்வது முறை. உரித்த தோல் சற்றே தடித்துவிட்டால் கலங்கள் ஒன்றன்மேலொன்று படிந்து மங்கி, எண்ண வராமற் போகும். எவ்வளவு மெல்லியதாய் உரிப்பது என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழகத்திலோ, மேல்நிலை வகுப்பில் ஒரு பாடத்துக்குரிய நூறு மதிப்பெண்ணை எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 எனப் பகுத்திருக்கிறார்கள். உயிரியல் என்ற ஒரே பாடத்துக்குத் தாவரவியற் செய்முறை வேறு, விலங்கியற் செய்முறை வேறு. வேற்றுப் பள்ளியிலிருந்து புறத்தேர்வரும் வருகிறார். இவை யாவற்றிற்கும் மேலாக 'ரெக்கார்டு நோட்டு' என்றொரு வஸ்து உண்டு. கோடு பிசகாத பென்சிற் படங்களும் ஆசிரியரின் கையொப்பங்களுமாக அது விளங்கும் அழகை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் அத்தகைய ஏடொன்றில் இதயத்தின் உள்ளறைகளை வெகு நேர்த்தியாக வரைந்திருந்த அப்பெரியவரின் பேத்தியிடம், ஓர் ஆட்டிதயத்தையேனும் அறுத்துப் பார்த்ததுண்டா என்று கேட்டோம். "இல்ல தாத்தா, மாடல்லதான் காமிச்சாங்க" என்றாள். அந்த இருபதிற் குறைவாக எடுத்த பிள்ளை எவரையும் நாம் அங்கு கண்டதில்லை. நாம் கண்ட பிள்ளைகள் அவ்வீட்டிலும் அயலிலும் இருந்தோர்தாம் என்பதையும் வாசகர் சேர்த்துக்கொள்க. தவிரவும், 2017 முதல் மருத்துவ அனுமதி முழுவதும் நீட் தேர்வின் வசமாகிவிட்ட பிறகு, அந்த இருபதுக்கு மருத்துவக் கல்லூரி வாசலில் மதிப்பேதும் இல்லை.

விலங்கியல் தனிப்பாடமாயிருந்த எங்கள் காலத்தில், மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்திக் குண்டூசி குத்தி, நீருள் வைத்தே அறுப்போம். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2014 இல் கல்லூரி விலங்கியற் செய்முறைகளில் இவ்வழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. சீவகாருண்யத்தோடு எமக்கு விரோதமில்லை. ஆனால் ஆட்டிதயம் இறைச்சிக் கடையிலேயே கிடைக்குமே!

சொற்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். எங்கள் கலம் அவர்களுக்குச் செல், இழையம் அங்கே திசு, நுணுக்குக்காட்டி நுண்ணோக்கி, முதலுருச்சுருக்கம் பிளாஸ்மா சிதைவு. சுருங்குவதைச் சிதைவதென்பது எமக்கு இன்னும் சீரணமாகவில்லை. எனினும், எங்கள் பிரசாரணத்தைக் காட்டிலும் அவர்களது சவ்வூடு பரவல் கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடுகிறது. 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் எங்கள் காரைதீவில் அவதரித்த விபுலானந்த அடிகளார் என்பதை அப்பெரியவருக்கு நினைவூட்டினோம். அவர் அறிந்தே இருந்தார்.

தமிழ் மூலம் மருத்துவம் கற்பிப்பதில் யாழ்ப்பாணத்துக்குள்ள பாத்தியதை பழையது. 1847 இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவரைக் கூட்டிவைத்து, நோயாளியின் பக்கத்தில் நின்றே கற்பித்து, 1864 தொடக்கம் அப்போதனையைத் தமிழிலேயே நடாத்தி, அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் ஆகிய துறைகளுக்குத் தமிழ் நூல்களும் ஆக்குவித்தார். சென்னையில் மருத்துவப் பள்ளி 1835 இலேயே தோன்றிவிட்டதென்று அப்பெரியவர் குறுக்கிட்டார். தோன்றியது உண்மை, கற்பித்த பாஷை ஆங்கிலம்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில், போரினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்று, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாகி, ஜாம் போத்தல் விளக்கிற் படித்த பிள்ளைகள், ஆடி பொருத்திய பழைய நுணுக்குக்காட்டியை யன்னலோரம் தூக்கிச் சென்று, வெயிலை அதற்குள் திருப்பிக் கலங்களைக் கண்டார்கள். அவர்களுட் பலர் இன்று வைத்தியர்கள். இப்போது அதே ஊரில், பாடசாலை ஆய்வுகூடத்தைக் காட்டிலும் ரியூட்டரி வாங்குகளில் மாணவர் கூடிய பொழுதைக் கழிப்பதும், பரிசோதனையைக் கரும்பலகையிலேயே செய்து முடிக்கும் ஆசிரியர்கள் பெருங்கீர்த்தி பெற்றிருப்பதும் வேறு விஷயம். அதனை அந்தப் பெரியவரிடம் நாம் பிரஸ்தாபிக்கவில்லை.

தமிழகத்தில் நாம் உண்மையாகவே மெச்சியது, தேர்வுக்குப் புறம்பானது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 1980 தொடக்கம் செய்துவரும் பணியும், 1993 முதல் இந்தியா எங்கும் நடைபெறும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகச் சிறார் கூட்டங்கூட்டமாய்த் தம்மூர்த் தண்ணீரையும் உணவையும் நோயையும் ஆராய்வதும் போற்றத்தக்கவை. மேல்நிலையின் தொழிற்பிரிவிலே செவிலியம் ஒரு பாடமாக இருப்பதும் அவ்வாறே: நாடித்துடிப்பை எண்ணவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் பள்ளிப் பருவத்திலேயே பழகுகிறார்கள். எங்கள் உயர்தரத்தில் 2013 இல் தொடங்கிய தொழினுட்பத் துறையின் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் பெரும்பாலும் பயிரையும் உணவையுமே சார்ந்து நிற்கிறது. மனித உடல் அங்கே பின்வரிசைதான். கல்வி அமைச்சிலிருந்து யாரேனும் சென்னைக்குப் போவாராயின் அந்தச் செவிலிய வகுப்பைக் கட்டாயம் பார்த்து வரட்டும். ரெக்கார்டு நோட்டை மட்டும் அங்கேயே விட்டு வரட்டும்.