ஸ்பிரிங் செத்த ஷட்டருக்கு மோட்டார் மருந்தா?

"ஷட்டர் கனத்துப்போச்சு காக்கா, இனிமே கையால இழுக்க முடியாது. மோட்டார் போட்டுடுவோம்."

கீழக்கரையில் கார் ஷெட் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. சொல்கிற மெக்கானிக் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்கிறவருக்கும் அது ஆறுதலாக இருக்கிறது. பிள்ளைகள் துபாயிலோ சென்னையிலோ இருக்க, வீட்டில் இருப்பது வயதான வாப்பாவும் உம்மாவும். கொக்கிக் கம்பியை மாட்டி இழுக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. கொக்கி நழுவினால் ஷட்டர் காலில் விழும். கையால் இயக்கும் ஷட்டரே பத்திரமானது என்று வாதிட நான் வரவில்லை. "கனத்துப்போச்சு" என்ற புகாருக்கு "மோட்டார்" என்பது சரியான பதிலா என்பதை மட்டும் எடைபோட வேண்டும்.

ஷட்டர் ஒருநாளும் கனப்பதில்லை. பத்தடி அகலம், ஒன்பதடி உயரம் உள்ள ஒரு ஷட்டர் எட்டுச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். 18 கேஜ் தகட்டில் செய்தால் அதன் எடை 100 கிலோவை ஒட்டி வரும். பொருத்திய நாளிலும் அதே எடைதான், இன்றும் அதே எடைதான். அன்று ஒரு கையால் தூக்க முடிந்ததென்றால், மேலே பைப்புக்குள் சுருண்டிருக்கும் ஸ்பிரிங் அந்த எடையின் பெரும்பங்கைச் சுமந்தது. இன்று முடியவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது பக்கச் சேனலில் துரு பிடித்து உராய்கிறது. மோட்டார் இவற்றில் எதையும் சரிசெய்யாது. அவற்றை நம் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

இதன் பெரிய வடிவத்தைப் பாம்பனில் பார்க்கலாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். 17 மீட்டர் உயரம் வரை மேலே எழுகிறது. அவ்வளவு இரும்பையும் மோட்டார் தனியாகத் தூக்குவதில்லை. இரு கோபுரங்களிலும் தொங்கும் எதிர் எடைகள் பாலத்தின் பாரத்தைச் சமன் செய்கின்றன. மோட்டார் மிச்சத்தைத்தான் நகர்த்துகிறது. அந்தப் பாலத்தையும் 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் சோதித்தார். குறைகளைப் பட்டியலிட்டு, தூக்குப் பகுதியில் மட்டும் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வேகத்துக்கு வரம்பு வைத்தார். வீட்டு ஷட்டருக்கு அப்படி ஓர் ஆணையர் கிடையாது. பொருத்துகிறவர் கைகாட்டிவிட்டுப் போனால் அதுவே சான்றிதழ்.

சோதனை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் கசப்பான சாட்சி. அங்கே 1982 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகளில், தானியங்கிக் கார் ஷெட் கதவுகளின் அடியில் சிக்கிச் சுமார் 60 குழந்தைகள் இறந்ததாக நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. 1990-இல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி முதல் தயாராகும் ஒவ்வொரு வீட்டுக் கதவு மோட்டாரிலும் சிக்கியவரை விடுவிக்கும் ஏற்பாடு கட்டாயமானது. அதை ஒட்டி வந்த வீட்டுச் சோதனை எளிமையானது. வாசலில் நான்கு சென்டிமீட்டர் உயரக் கட்டையைப் படுக்கவைத்துக் கதவை மூட வேண்டும். கட்டையைத் தொட்டதும் இரண்டு விநாடிக்குள் கதவு திரும்பி மேலே போக வேண்டும்.

இந்தக் கட்டைச் சோதனையை அப்படியே கீழக்கரைக்குக் கொண்டுவரலாமா? முழுதாக முடியாது, காரணம் கதவின் அமைப்பிலேயே இருக்கிறது. அவர்கள் கதவு விறைப்பான பலகைகளால் ஆனது, மோட்டார் அதைப் பிடித்துத் தள்ளுகிறது. அடியில் ஏதாவது தடுத்தால் சுமை கூடும், அதை உணர்ந்து மோட்டார் திரும்பும். நம்முடையது சுருள் ஷட்டர். மோட்டார் அதை அவிழ்த்துவிடுகிறது. தகடு தன் எடையிலேயே இறங்குகிறது. அடியில் ஒரு பிள்ளையின் கால் தடுத்தால் அது மோட்டாருக்குச் சரியாகத் தெரியாது. பல சமயம் சுமை குறைந்ததாகவே படும். அது பாட்டுக்கு அவிழ்த்துக்கொண்டே இருக்கும், மேலே தகடு தொய்ந்து குவியும், தடை விலகிய நொடியில் குவிந்தது மொத்தமும் இறங்கும். ஆகவே சுருள் ஷட்டருக்கு மோட்டாரின் உணர்வை நம்பக் கூடாது. அடிவிளிம்பில் தொட்டதும் நிறுத்தும் ரப்பர் பட்டை வேண்டும். தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாத உயரத்தில், குறுக்கே ஆள் வந்தால் உணரும் மின்கண் வேண்டும். பரவலாக விற்கும் பல சைடு மோட்டார்களில் இரண்டும் இருப்பதில்லை. மேலேயும் கீழேயும் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் மட்டும் இருக்கும். அது இடத்தை அறியும், ஆளை அறியாது. நம் ஷட்டர்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 6248, 1979-ஆம் ஆண்டினது. ரிமோட் வீட்டுக்குள் வருவதற்கு வெகுகாலம் முந்தையது. மின்கண் வேண்டுமென்றால் வாங்குகிறவர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பிரிட்டனில் 2010-இல் ஒரே வாரத்துக்குள் இரண்டு சிறுமிகள் மின்சாரக் கேட்டில் நசுங்கி இறந்தார்கள், ஒருத்தி மான்செஸ்டரில், மற்றவள் பிரிட்ஜெண்டில். மான்செஸ்டர் சம்பவத்தின் விசாரணையில் வெளிவந்தது நம் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. கேட் ஏற்கெனவே இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மோட்டாரை மட்டும் மாற்றினார்கள். மாற்றியபின் மூடும் விசை எவ்வளவு என்று சோதிக்கவில்லை. பழைய கேட், புது மோட்டார், அளக்காத விசை. நம் ஊரில் தினமும் நடக்கும் வேலைக்கும் இதற்கும் என்னால் வேறுபாடு காண முடியவில்லை.

மோட்டாரை மட்டும் குற்றவாளியாக்கவும் கூடாது. 2024 ஜூலை கடைசியில் புணேயை அடுத்த பிம்ப்ரி-சிஞ்சுவட்டில், விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் இழுத்த தள்ளு கேட் சாய்ந்து மூன்று வயதுப் பெண்குழந்தையின் மேல் விழுந்தது. அங்கே மின்சாரத்துக்கு வேலையே இல்லை. தள்ளு கேட் வைத்திருப்பவர்கள் தண்டவாள முனையில் ஸ்டாப்பர் இருக்கிறதா, மேலே பிடிக்கும் ரோலர் உறுதியா என்று இன்றே பார்க்கலாம்.

கீழக்கரைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு: உப்பு. மன்னார் வளைகுடாக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில் மண்டபத்தில், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை ஆராய ஒரு நிலையமே நடத்துகிறது. ஷட்டரில் துரு முதலில் தெரிவது அடித்தகட்டிலும் சேனலின் கீழ் ஓரடியிலும்தான். ஆனால் பயப்பட வேண்டியது பார்வைக்கு எட்டாத இடத்தில், மேல் மூடிக்குள் பைப்பைத் தாங்கும் பிராக்கெட்டிலும் அதைச் சுவரோடு பிணைக்கும் போல்ட்டிலும் இருக்கிறது. அவை விட்டால் 100 கிலோவும் பைப்போடு சேர்ந்து இறங்கும்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. எங்கும் சொல்லப்படும் சோதனை, ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை எடுப்பது. நின்றால் ஸ்பிரிங் நலம், இறங்கினால் தளர்வு, மேலே துள்ளினால் முறுக்கு அதிகம். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் இது நம்பத்தக்க சோதனை. இங்கே அது பொய் சொல்லக்கூடும். சேனலில் துரு இறுகிப் பிடித்திருந்தால் ஸ்பிரிங் செத்த ஷட்டரும் பாதியில் நிற்கும். உராய்வு தாங்குவதைச் சமநிலை என்று நினைத்து ஏமாறுவோம். பிறகு யாராவது நல்லெண்ணத்தில் எண்ணெய் விட்ட அன்று அது அறிவிப்பில்லாமல் விழும். எனவே வரிசை முக்கியம். ஷட்டரை முழுதாக மூடிவைத்துச் சேனலைச் சுரண்டித் துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டபின்தான் பாதி உயரச் சோதனை. அப்போதும் அடியில் ஓர் உறுதியான ஸ்டூலை முட்டுக் கொடுத்து, காலை விலக்கிக்கொண்டு. கிரீஸ் அப்பினால் மணல் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கை மட்டும் வீட்டு ஆள் தொடவே கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் கையை உடைக்கும்.

என் தீர்ப்பு இது. ஸ்பிரிங்கும் பிராக்கெட்டும் பார்க்கப்படாத பழைய ஷட்டருக்கு மோட்டார் போடுவது தவறு. முதலில் அதைக் கையால் தூக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவைச் செய்தபின் பல வீடுகளுக்கு மோட்டாரே தேவைப்படாது. வயதானவர்களுக்காகத் தேவைப்பட்டால், ரிமோட்டைவிட நான் பரிந்துரைப்பது விரல் வைத்திருக்கும்வரை மட்டும் ஓடி, எடுத்ததும் நிற்கும் பொத்தான். அது ஷட்டர் முழுதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ரிமோட் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் ரப்பர் விளிம்பும் மின்கண்ணும் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங்கே இல்லாமல் முழுப் பாரத்தையும் மோட்டார் சுமக்கும் வகையாக இருந்தால், சங்கிலியோ கியரோ விட்டாலும் விழாமல் பிடிக்கும் தடுப்பு தனியாக வேண்டும். ஈரக்காற்றில் மின்கசிவு வந்தால் ஷட்டர் முழுதும் பாயும். எர்த்தும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் இல்லாத இணைப்பை ஏற்கக் கூடாது.

கடைசியாக, பூட்டிக் கிடக்கும் வீடுகள். பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கும் ஷெட்டில் ஆறு மாத உப்பு சேர்ந்திருக்கும். விமான நிலையத்திலிருந்து நள்ளிரவில் வந்து இறங்கி, காருக்குள் இருந்தபடியே ரிமோட்டை அமுக்குவது அந்த ஷட்டரின் முதல் ஓட்டமாக இருக்கக் கூடாது. வருவதற்கு இரண்டு நாள் முன்பு, சாவி வைத்திருக்கும் சொந்தக்காரர் பகல் வெளிச்சத்தில் மெயினை அணைத்து, கைச்சங்கிலியால் ஒருமுறை மெதுவாக ஏற்றி இறக்கட்டும். கரகரப்பு எந்த இடத்தில் கேட்டது என்று போனில் சொல்லட்டும். மெக்கானிக்கை அந்த இடத்துக்குத்தான் முதலில் ஏணி வைக்கச் சொல்ல வேண்டும்.