டொம் பாடிய பாட்டு

'அமேசிங் கிரேஸ்' என்னும் கிறித்தவ ஞானப்பாட்டை இயற்றிய ஜோன் நியூட்டன், 1754 வரை அடிமை வாணிபக் கப்பல்களில் ஊழியம் பார்த்தவர். அவற்றுக்குத் தலைமை தாங்கியவருங்கூட. பின்னர் குருவானவராகி, 1779இல் இப்பாட்டை அச்சேற்றினார். அவ்வாணிபத்தைக் கண்டித்து அவர் நூல் எழுதியதோ 1788இலேதான்.

1852இல் நூலுருப் பெற்ற 'டொம் மாமாவின் குடிசை' நாவலில், ஹரியட் பீச்சர் ஸ்டோ இப்பாட்டை ஓர் அடிமையின் வாயில் வைக்கிறார். லெக்ரியின் பருத்தித் தோட்டத்திலே, நம்பிக்கை இழந்து மீண்ட டொம் பாடுகிறான். பாவி மீட்கப்பட்டதைக் கூறும் புகழ்பெற்ற தொடக்கம் அங்கே இல்லை. மறுமை பற்றிய இறுதிப் பகுதிகளே உள்ளன. நியூட்டன் எழுதாத ஒரு பகுதியும் அவற்றோடு சேர்ந்திருக்கிறது. கப்பல் தலைவனின் பாவ அறிக்கை, விற்கப்பட்டவனுக்கு எதற்கு? ஆசிரியை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, பொருத்தம் பெரிது.

அதே அத்தியாயத்தில் காஸி நள்ளிரவில் வருகிறாள். லெக்ரி மதுமயக்கத்திற் கிடக்கிறான், கோடரியும் இருக்கிறது என்கிறாள். டொம் மறுக்கிறான். அவன் பெயர் பிற்காலத்தில் வசைச் சொல்லானதற்கு இத்தகைய பொறுமையும் ஒரு காரணம். ஆயினும் அவளைத் தப்பியோடச் சொல்பவனும் அவனே. அவளைக் காட்டிக்கொடுக்க மறுத்தே அடியுண்டு மாள்கிறான். இதனை அடிமைப் புத்தியென நாம் கொள்வதற்கில்லை.

நமது பிணக்கு வேறு. பாட்டின் பின் டொம்மின் மேல் விழுந்த அடிகள் உடலை மட்டுமே தொட்டன, உள்ளத்தையல்ல என்று ஆசிரியை ஆறுதல் கொள்கிறார். அவ்வுடல் பறித்த பருத்தி லெக்ரியின் களஞ்சியத்தையே சேர்ந்தது என்பதை அவ்விடத்தில் மறந்துவிடுகிறார்.