சகரியாவின் எழுத்துப்பலகை

லூக்கா முதலாம் அதிகாரத்தைப் பிரசங்கிப்போர் பெரும்பாலும் சகரியாவின் நாவு கட்டவிழ்ந்த 64ஆம் வசனத்திற்கே விரைகின்றனர். இவ்வாசிப்பு குறைவுடையது. அவனுடைய பிள்ளைக்குத் தாங்களே பெயரிட முற்பட்ட உறவினர், எலிசபெத்தின் மறுப்பையும் ஏற்றிலர். வழக்கு முடிந்தது சகரியா வாய் திறந்தபோதன்று. 63ஆம் வசனத்தில், பலகையில் எழுதியபோதே. ஊமையாயிருக்கையிலேயே அவன் சொல் இறுதியாயிற்று.

வாய் பேச இயலாதோர் இன்று படப்பலகையாலும், சென்னையில் உருவான ‘அவாஸ்’ போன்ற செயலியாலும் பேசுகின்றனர். 1985இல் சென்னையில் தொடங்கப்பெற்ற வித்யாசாகர் போன்ற நிறுவனங்கள் இதற்குப் பயிற்சி அளிக்கின்றன. ஆயினும் பாம்பன், மண்டபம் கரையோரத்தில் ஒருவர் கையில் பலகை இருப்பது மட்டும் போதாது. அதில் சோறும் தண்ணீரும் மட்டுமன்றி, வலை, வள்ளம், கடல் என்பனவும், ‘ஏன்’, ‘வேண்டாம்’ என்பனவும் இடம்பெற வேண்டும். மீன் ஏலக்கூடத்திலும் ஆலயத்திலும் உடன்வந்தவரிடம் வினவாது, அவர் முகம் நோக்கிக் காத்திருத்தல் வேண்டும். நாமும் படங்களைத் தொட்டுக்காட்டிப் பேசினாலன்றி, அது அவருக்கு மொழியாகாது.

64ஆம் வசனத்திற்காக ஜெபிக்கும் சபை, 63ஆம் வசனத்தைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது.